பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்களா? குடும்பத்தார் செய்ய வேண்டியவை

என் அக்கா மகனைச் செல்போன் பறிப்பு வழக்கில் போலீசார் அழைத்துச் சென்றபோது அவனுக்கு வயது 16 ஆண்டு 8 மாதம். விசாரணை முடியும் வரை சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவன் 47 நாட்கள் இருந்தான். அந்த 47 நாட்களில் பாதிக்கு மேல், எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாததால் வீணானவை என்பதை வழக்கு முடிந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவன்; தேதியையும் செலவையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரையும் பையனின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் பையனின் படத்தைப் போட்டவருக்கும் இது பொருந்தும்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறை. பெண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். இல்லம் மட்டும் தனி.

1. முதல் இரவு: காவல் நிலையத்தில்

18 வயது நிறையாத ஒருவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழான ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. நிலையத்துக்குள் நுழைந்ததும் ரைட்டரிடம் பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கழிக்காமல், அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள். பையனைப் பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, அவனைச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே பிடித்தார்கள் என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அன்று குழுமம் அமராத நாளாக இருந்தால் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். விடுமுறை என்பதால் இரண்டு நாள் நிலையத்திலேயே வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

இங்கே மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, எழுதப்படாத தாளிலோ படித்துக் காட்டாத வாக்குமூலத்திலோ கையெழுத்துப் போடுவது. பையனையும் அவ்வாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. இரண்டாவது, கைவிலங்கு, சிறாருக்கு அது கூடாது. மூன்றாவது, பறிகொடுத்தவருக்குப் பணம் கொடுத்து இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் சொல்வது. எங்களிடம் அப்படி வந்தவர் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியே இருந்தது.

2. வயதுச் சான்று: அன்றிரவே கையில் இருக்க வேண்டியது

இந்த வழக்குகளில் இதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை. எங்கள் பையனின் ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு முந்தியதாகப் பதிவாகியிருந்தது. முகாமில் எடுத்தபோது நேர்ந்த பிழையைத் திருத்தாமல் விட்டிருந்தோம். அந்த அட்டையைப் பார்த்து நிலையத்தில் வயது 18 என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அக்கா இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு ஓடிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டிய பிறகே மாற்றினார்கள். அவர் அரை நாள் தாமதித்திருந்தால் பையன் வழக்கமான மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டுச் சிறைத் துறையிடம் போயிருப்பான்.

சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதை எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று வரிசை சொல்கிறது. முதலில், பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிச் சோதனை முதலான மருத்துவச் சோதனை. அதையும் உத்தரவிட்ட 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரிசையில் ஆதாருக்கு இடமில்லை. பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆதாரை நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள்.

சான்றிதழ் பள்ளியில் இருந்தால், மறுநாள் காலை தலைமை ஆசிரியரிடம் போய், சேர்க்கைப் பதிவேட்டின்படி பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, முத்திரையோடு படிப்புச் சான்று தரும்படி எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. 'சொந்தத் தேவைக்காக' என்பது போதும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராமல், அசலைக் காட்டி நகலைக் கொடுப்பதே நல்லது. குழுமம் அசலைக் கேட்டு வாங்கினால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பையனை ஏற்கெனவே 18 வயதானவன் என்று எழுதிச் சிறைக்கோ, இளம் குற்றவாளிகளை வைக்கும் பார்ஸ்டல் பள்ளிக்கோ அனுப்பிவிட்டார்கள் என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அவன் சிறுவன் என்ற வாதத்தை 9ஆம் பிரிவின்படி எந்த நீதிமன்றத்திலும், வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். கணக்கில் வருவது குற்றம் நடந்த தேதியன்று இருந்த வயது. பிடிபட்ட தேதியின் வயது அன்று.

3. எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்

நாங்கள் பத்து நாட்கள் இதைப் பார்க்கவே இல்லை. சிறார் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடிய குற்றம். இடைப்பட்டவை, அதாவது அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு மேல் இருந்தாலும் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்று விதிக்கப்படாதவை உட்பட, கடுமையான குற்றங்கள். 2021இல் செய்யப்பட்ட திருத்தம் இதைத் தெளிவாக்கியது.

செல்போன் பறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவின்படி பறிப்பு என்று எழுதினால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அது சிறு குற்றம். அதே சம்பவத்தை 309ஆம் பிரிவின்படி வழிப்பறி என்று எழுதினால் பத்து ஆண்டு வரை போகும், கடுமையான குற்றமாகிவிடும். வழிப்பறியின்போது மரண ஆயுதத்தைப் பயன்படுத்தினார்கள் என்று 311ஆம் பிரிவைச் சேர்த்தால் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, கொடிய குற்றம். கத்தி என்ற ஒரு சொல்லில் வழக்கின் இயல்பே மாறிவிடுகிறது. எங்கள் வழக்கில் கூட வந்த இருவர் 20 வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவரிடம் கத்தி இருந்ததாகச் சொல்லி மூவர் மீதும் 311 போடப்பட்டிருந்தது. பெரியவர்களோடு சேர்த்து வழக்குப் போடப்பட்டாலும் சிறாரின் விசாரணை தனியாகத்தான் நடக்க வேண்டும்.

பையன் 16 வயதைத் தாண்டியவன், பிரிவு கொடிய குற்றத்துக்குரியது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் 15ஆம் பிரிவின் முதனிலை மதிப்பீடு நடக்கும். குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பவற்றைக் குழுமம் பார்க்கும். உளவியலாளரின் உதவியையும் பெறலாம். இதன் முடிவில் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பி, பெரியவரைப் போல விசாரிக்கச் செய்ய வாய்ப்பு உண்டு. அந்த நாளில் வழக்கறிஞர் இல்லாமல் பையனை நிற்கவிடாதீர்கள். முடிவு பாதகமாக வந்தால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு.

கொடிய குற்றமோ பெரியவர்கள் சேர்ந்த வழக்கோ இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி எஃப்.ஐ.ஆரே பதியாமல், பொது நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தால் அதன் நகலைப் பணம் கட்டாமல் கேட்டு வாங்குங்கள்.

4. எந்த மன்றம், எந்த வழக்கறிஞர்

சிறாரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு உரியது. முதன்மை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர்கள் இருவரும் அதில் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வழக்கமான நீதிமன்ற வளாகத்தில் அது அமரக் கூடாது என்பதால் கூர்நோக்கு இல்லத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும். எல்லா வேலை நாட்களிலும் ஆறு மணி நேரமாவது அமர வேண்டும் என்பது விதி. எங்கள் மாவட்டத்தில் வாரம் இரண்டு நாட்களே அமர்ந்தார்கள். எந்தெந்த நாட்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். தெரிந்தவர் ஒருவர் சொன்ன வழக்கறிஞருக்கு 15,000 ரூபாய் கொடுத்தோம். அவர் வழக்கமான நீதிமன்றத்தில் ஜாமீன் மனுப் போட்டார். எட்டாம் நாள் அது திருப்பித் தரப்பட்டது. அவருடைய குமாஸ்தாவிடம் நான் கேட்டபோது, 'இதெல்லாம் ஜூவனைல்ல போடணுமாம் சார்' என்றார்.

வழக்கறிஞருக்கு நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, குழந்தைகளுக்கு வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வட்டத்தில் உள்ள குழுவுக்கோ ஒரு வெள்ளைத் தாள் மனுவோடு போனால் போதும். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். மனுக் கொடுத்த மூன்றாம் நாள் எங்களுக்கு ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். ஐந்து நிமிடம் எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு, 311இல் கோடு போட்டு, 'இதை முதலில் பார்ப்போம்' என்றார். காசு வாங்காத வழக்கறிஞர் அக்கறை காட்ட மாட்டார் என்று உறவினர்கள் சொன்னதை நம்பியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

5. இல்லத்துக்குப் பார்க்கப் போகும்போது

கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்திலும் கிடையாது. சென்னை, வேலூர், கடலூர், தஞ்சாவூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள இல்லங்களுக்கு அக்கம்பக்க மாவட்டப் பிள்ளைகளும் அனுப்பப்படுகிறார்கள். பயணச் செலவைக் கணக்கில் வையுங்கள். எங்களுக்குப் போக வர இருவருக்கு 460 ரூபாய், அதோடு அக்காவின் ஒரு நாள் கூலி. பழைய ஆட்கள் இதைச் சீர்திருத்தப் பள்ளி என்பார்கள். பொறுப்பில் உள்ளது, முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று அழைக்கப்பட்ட, இப்போதைய குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை.

கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணை நடக்கும் காலத்துக்கானது. இறுதி ஆணைக்குப் பிறகு அனுப்புவது சிறப்பு இல்லம். ஆண் பிள்ளைகளுக்குச் செங்கல்பட்டில் உள்ளது. 18 வயதைத் தாண்டியவர்களையும், கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்களையும் வைப்பதற்குப் பாதுகாப்பு இடம் என்று தனியாக உண்டு. பையன் எதில் இருக்கிறான் என்பது தெரியாமல் பேருந்து ஏறாதீர்கள்.

பார்வையாளர் நாளும் நேரமும் இல்லத்துக்கு இல்லம் வேறுபடும். போகும்போது பெற்றோரின் அடையாள அட்டை, உறவைக் காட்டும் குடும்ப அட்டை, குழுமம் தந்த ஆணையின் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தாய்மாமன் என்று சொன்ன என்னை முதல் முறை உள்ளே விடவில்லை. அக்காவின் குடும்ப அட்டையில் என் பெயர் இல்லை. குழுமத்தில் ஒரு மனு எழுதி அனுமதி பெற்ற பிறகே பார்த்தேன். வீட்டுச் சாப்பாட்டைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். கட்டிக்கொண்டு போய் வாசலில் வைத்து அழ வேண்டாம். மூச்சிரைப்பு, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து சாப்பிடும் பிள்ளையானால், மருந்துச் சீட்டின் நகலோடு முதல் நாளே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அவனைப் பார்க்கும்போது உடம்பைப் பாருங்கள். கையை மடக்கச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள், எப்போது கடைசியாகச் சாப்பிட்டான், எங்கே படுக்கிறான் என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. காயம் கண்டால் வாசலில் சண்டையிடாமல், அன்றே குழுமத்துக்கு மனுக் கொடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேளுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திலும் புகார் செய்யலாம்.

6. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவதற்கு முன்

பையனைப் பற்றிய தகவல் நன்னடத்தை அலுவலருக்குப் போனதும், அவர் இரண்டு வாரங்களுக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கையைக் குழுமத்துக்குத் தர வேண்டும். ஜாமீனும் இறுதி ஆணையும் பெரும்பாலும் இந்த அறிக்கையின் மீதே நிற்கின்றன. வீட்டு வருமானம், பள்ளி, சிநேகிதர்கள், பழக்கங்கள், குடும்பத்தில் குடி உண்டா, முன்பு வழக்கு உண்டா என்றெல்லாம் கேட்பார். அவர் வரும் வரை காத்திருக்காமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் உங்கள் வழக்கு யாரிடம் உள்ளது என்று கேட்டு, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டுக்கு அவர் இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அறிக்கை மூன்று வாரம் தள்ளிப்போனதற்கு அதுவே காரணம்.

எடுத்துவைக்க வேண்டியவை: பள்ளி வருகை விவரம், மதிப்பெண் பட்டியல், வகுப்பாசிரியரின் கடிதம், பகுதிநேர வேலை பார்த்திருந்தால் முதலாளியின் கடிதம், வெளியே வந்தால் அவன் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள், எங்கே படிப்பான் என்று குடும்பத்தார் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திட்டம். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு அதிகம் உதவியது அதுதான்.

கஞ்சாவோ மாத்திரையோ பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். மறைத்த குடும்பம் கண்காணிக்காது என்று எழுதப்படும். போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்பவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. இடையில், 'நம்ம ஆள் ஒருத்தர் விடுதி வெச்சிருக்கார், ஆறு மாசத்துல திருத்திடுவார்' என்று யாராவது வருவார்கள். பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 41ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

7. ஜாமீன்

சிறாரைப் பொறுத்தவரை ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பாகுபாடு கிடையாது. 12ஆம் பிரிவின்படி விடுவிப்பதே பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு எழுதித்தான் மறுக்க முடியும். ஆகவே மனுவில் குற்றம் நடக்கவில்லை என்று நாலு பக்கம் வாதிடுவதைவிட, இந்த மூன்றுக்கும் பதில் சொல்வது பலன் தரும். எங்கள் முதல் மனு இருபதாம் நாள் 'கூட்டாளிகளின் சேர்க்கை' என்ற காரணத்தால் தள்ளுபடியானது. இரண்டாவது மனுவில், பையன் வேறு ஊரில் என் வீட்டில் தங்குவான் என்று நான் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் அதை ஆதரித்தது. 39ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது.

அதன் பிறகும் எட்டு நாள் ஏன் ஆனது? இரண்டு ஜாமீன்தாரர்களும் சொத்து மதிப்புச் சான்றும் கேட்டார்கள். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது எங்கே கிடைக்கும்? நீதிமன்ற வாசலில் ஜாமீன்தாரரை 'ஏற்பாடு' செய்து தருபவர்கள் ஓர் ஆளுக்கு 5,000 கேட்டார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். போலி ஜாமீன்தாரர் பிடிபட்டால் உங்கள் மேல் இன்னொரு வழக்கு வரும். 12ஆம் பிரிவிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஜாமீன் ஆணை கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பையனைக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவ்வாறு நிறுத்தி, தாயின் சொந்தப் பிணைப் பத்திரமே போதும் என்று மாற்றி வாங்கினோம். எட்டாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்தான்.

இல்லத்தில் இருக்கும்போதே தேர்வோ வீட்டில் சாவோ நேர்ந்தால், 98ஆம் பிரிவின்படி மேற்பார்வையோடு விடுப்பு கேட்கலாம். ஒரு முறைக்குப் பொதுவாக ஏழு நாட்கள் வரை, பயண நேரம் நீங்கலாக.

8. வாய்தாக்களும் கால அளவும்

முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும்; காரணம் எழுதி இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் விசாரணையே முடித்துவைக்கப்பட வேண்டும். மற்றவற்றுக்கு மேலும் நீட்டிக்க தலைமை நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். இந்தத் தேதிகளை நீங்களே நாட்காட்டியில் குறித்துவைத்து, ஆறாம் மாத முடிவில் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள். எங்கள் வழக்கில் போலீசாரின் இறுதி அறிக்கையில் பையன் மீதான 311 நீக்கப்பட்டது. பறிப்பு மட்டும் மிஞ்சியது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் பையனோடு ஒரு பெரியவர் போக வேண்டும். அடுத்த வாய்தாத் தேதியை வாயால் கேட்டுக்கொண்டு வராமல், எழுத்தில் குறித்து வாங்குங்கள்.

ஒப்புக்கொண்டால் இன்றே முடிந்துவிடும் என்று சில சமயம் சொல்வார்கள். செய்தது உண்மை, குற்றமும் சிறியது என்றால் அது நல்ல வழியாக இருக்கலாம். செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்லி, 'பிள்ளைதானே, ஒன்றும் ஆகாது' என்றால் நான் மறுக்கத்தான் சொல்வேன். பையன் அதை மறக்க மாட்டான்.

9. இறுதி ஆணை

18ஆம் பிரிவின்படி குழுமத்தின் முன் பல வழிகள் உண்டு: அறிவுரை சொல்லி அனுப்புதல், குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தையின் பேரில் விடுதல், தகுதி பெற்ற நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் விடுதல், கடைசியாகச் சிறப்பு இல்லம். சிறப்பு இல்லத்துக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளே. நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. எங்கள் பையனுக்குக் குழு ஆலோசனையும் ஓராண்டு தாயின் பொறுப்பில் நன்னடத்தையும் விதிக்கப்பட்டன.

சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால், அவனுக்கான தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். எந்தத் தொழிற்பயிற்சி, எந்த வகுப்பு, ஆலோசகர் எப்போது பார்ப்பார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஆணை பிடிக்காவிட்டால் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள்.

10. செலவு

என் நோட்டின்படி மொத்தம் 41,300 ரூபாய். அதில் 8,000 நிலைய வாசலில் போனது, 15,000 முதல் வழக்கறிஞருக்கு, 9,700 பயணம், மீதி சாப்பாடு, நகல், பத்திரம், நோட்டரி, அக்காவின் கூலி இழப்பு. முதல் இரண்டும் இல்லாவிட்டால் 18,300.

11. வெளியே வந்த பிறகு

பள்ளியில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவன் ஜாமீனில் வந்த வாரம். அக்கா பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீங்கள் போடாதீர்கள். எழுத்தில் காரணம் கேளுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழுமத்துக்கும் தெரிவியுங்கள். பள்ளிக்குப் போக வேண்டும் என்று குழுமமே ஆணையில் எழுத முடியும்; அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் பையன் ஓராண்டை இழந்து, இப்போது அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான்.

24ஆம் பிரிவின்படி இந்த வழக்கினால் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு ஏற்படாது. 16 வயதுக்கு மேற்பட்டு, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. மாதிரி விதிகளின்படி ஆவணங்கள் ஏழு ஆண்டு பாதுகாப்பில் இருந்து, பிறகு அழிக்கப்பட வேண்டும். அதுவரை உங்கள் கையில் இறுதி ஆணையின் சான்றிட்ட நகல் இருந்தால்தான் யாராவது கேட்கும்போது காட்ட முடியும். நகல் மனுவை ஆணை வந்த வாரமே போடுங்கள். நான் மூன்று மாதம் கழித்துப் போட்டேன். கோப்பு பதிவறைக்குப் போய்விட்டது என்றார்கள். நகல் கைக்கு வர மேலும் ஐந்து வாரம் ஆனது.